புதன்கிழமை

"யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டேன்,
அவன் அட்டையைத் தட்டுமுன்.
"யாருக்கும் இல்லை. புதன்கிழமை.
குப்பைத் தொட்டியை வெளியே வைத்தேன்,
வேலைக்குப் போகிறேன்."

டண்டீ. காலை ஆறு நாற்பது.
ஹில்டவுன் ஏற்றத்தில்
பேருந்து முனகிக்கொண்டிருந்தது.
கையில் கருவிப் பெட்டி,
காலில் சேறு படிந்த பூட்ஸ்,
நடுவே
பாசியும் துருவும் கலந்த கட்டங்களில்
எட்டு கஜம் கம்பளி.

இந்த ஊரில் பிறந்தவளுக்குக் கில்ட் அதிசயமா?
கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன்:
வாடகைக்கு எடுத்தது,
திங்கள் பத்து மணிக்குள் திருப்பித் தர வேண்டியது.
உள்ளே இருக்கிற ஆள்
பிறர் வீட்டுக்கு வந்தவன் போல
எதிலும் சாயாமல் நிற்பான்.
ரக்பி நாள்களில் பார்த்திருக்கிறேன்,
என் படிக்கட்டைக் கழுவியும் இருக்கிறேன்.
என்னுடன் பதினோரு வருஷம் இருந்த ஃபிண்ட்லே
ஒரே ஒரு முறை கட்டினான்,
நாள் முழுக்க விளிம்பைக் கீழே இழுத்தபடி.

இவன் இழுக்கவில்லை.
அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

இரண்டாவது, நடை.
முன்பக்கம் தட்டை, கதவு மாதிரி.
கொசுவம் எல்லாம் பின்னால்.
அவன் இருக்கை தேடிப் போகிறான்;
மடிப்புகள் அரை அடி தாமதமாகக் கிளம்பி
அவன் நின்ற பிறகும்
இன்னும் கொஞ்சம் நடக்கின்றன.
கண்ணாடியில் பார்த்தேன்.
பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கத்தான்
அந்தக் கண்ணாடி.

ஸ்ட்ரூவன். பூட்டுத் திறப்பவன்.
சாவியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியவர்கள்
அழைத்தால் போய் மண்டியிடுவான்.
மாலையில் திரும்பும்போது
யார் யார் வீட்டு மிதியடியோ
முழங்காலில் அச்சாகியிருக்கும்:
ஒரு நாள் சணல் கோடுகள்,
ஒரு நாள் 'நல்வரவு' என்பதில்
பாதி, தலைகீழாக.

பின் இருக்கைப் பையன்கள் கேட்காமல் விடுவார்களா?
"கீழே என்ன போட்டிருக்கிறாய்?"
"முழங்கால்.
அதற்குக் கீழே காலுறை.
இடது காலுறையில் ஓட்டை,
அதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்."
கால்டர் என்கிற நெட்டைப் பையன்
சிரிக்காமல் யோசித்தான்.
"குளிராதா?"
"குளிரும்" என்றான் இவன்.
"காற்று வந்தால் வந்தது என்று தெரியும்.
பேன்ட்டுக்குள் எனக்கு இரண்டு கால்.
இதற்குள் ஒரே ஆள்."

மழை நாளில் வண்டி முழுக்க
நனைந்த செம்மறியின் வாசம்.
யாரும் குறை சொல்லவில்லை.
நான் ஹீட்டரைக் கூட்டி வைத்தேன்.

வெள்ளி இரவுப் பணியில் ஒருமுறை ஏறினான்,
ஜீன்ஸில். எனக்கு அடையாளமே தெரியவில்லை.
"மதுக்கடைக்கு இதுதான்" என்றான்.
"அங்கே கைகள் நீளும்.
வேடிக்கைக்குத் தூக்கிப் பார்ப்பார்கள்.
பெண்களும்தான்.
சிரிக்க வேண்டும், நானும்."
பிறகு, "உனக்குத் தெரியுமே" என்றான்.

தெரியும்.
பத்தொன்பது வருஷமாக
நிறுவனம் தந்த கால்சட்டையில் உட்கார்ந்திருக்கிறேன்.
அதற்கு முன் ஒரு நீலப் பாவாடை இருந்தது.
அதை ஏன் விட்டேன் என்று
அதுவரை ஒருவரும் கேட்டதில்லை,
அவனும் கேட்கவில்லை,
ஆனாலும் அடுத்த நிறுத்தம்வரை
பதில் சொல்வது போல ஓட்டினேன்.

போன புதன்கிழமை.
சாம்பல் நிறப் பேன்ட், இஸ்திரி மடிப்புடன்.
"யாருக்குக் கல்யாணம்?"
"துவைத்தேன். காயவில்லை."

ஏற்றத்தின் உச்சியில்
மூன்றாம் மாடிக் கம்பத்தில் தொங்கியது.
ஆற்றிலிருந்து ஏறி வந்த காற்று
அதை இடுப்பில் சுற்றி,
பிடிக்காமல் அவிழ்த்து,
மறுபடி சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.
எனக்கு அளவு சரியாக இருக்குமா என்று
ஒரு கணம் நினைத்தேன்.

இரண்டு நிமிடம் தாமதம்.
காரணம் என்ற கட்டத்தில்
'போக்குவரத்து' என்று எழுதினேன்.